அப்புக்காத்தரும் என்ரை கதிரையும்

மூண்டு வருசமா நான் ஒரே வகுப்பிலை இருந்தனான். மொக்கு மனுசி எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. அந்த வகுப்பை விட்டுப் போகாமல் இருக்கிறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தக் குளிர்தேசத்திலை, மல்வேர்ன் எண்ட இடத்திலை எங்கடை வீட்டடியிலை ஏறினால் ஒரே பஸ். பிளாசாவிலை கீழை சாப்பாட்டுக்கடை, மேலை இங்கிலீசு வகுப்பு. காலமை நாங்கள் படியேறேக்கை ரோல்ஸ் பொரிக்கிற மணமும் எங்களோடை சேந்து ஏறி வரும். வகுப்பிலை எல்லாரும் என்ரை வயசுக்காரர்தான். ஒருத்தருக்கு முழங்கால் ஏலாது, ஒருத்தருக்குக் காது கேக்காது, இங்கிலீசு மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவிலை வராது.

அது மூண்டாம் லெவல். சோதினை பாஸ் பண்ணினால் நாலாம் லெவலுக்கு ஏத்திப்போடுவினம். அது மில்லிக்கன் பக்கம். ரெண்டு பஸ் மாறோணும். ஸ்நோ கொட்டேக்கை ரெண்டு தரம் நிண்டு விறைக்கோணும். ஆனால் உண்மையைச் சொன்னால் பஸ் ஒரு சாட்டுத்தான். நான் போகாததுக்குக் காரணம் சீன அக்கா.

சீன அக்கா எனக்கு ரெண்டு வயசு மூப்பு. அவ அதை இண்டைக்கும் நம்பேல்லை, என்னைத்தான் அக்கா எண்டுவா. எங்கள் ரெண்டு பேருக்கும் யன்னல் பக்கத்திலை ஒரு மேசை, காலுக்குக் கீழை ஹீற்றர். அவவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. நாங்கள் கதைக்கிற இங்கிலீசு உலகத்திலை எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும்தான் விளங்கும். என்ரை பேரப்பிள்ளையள் ஒருக்கா போனிலை அதைக் கேட்டுப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சதுகள். சிரிக்கட்டும். அந்த இங்கிலீசிலை நாங்கள் மருமக்களைப் பற்றிக் கதைச்சிருக்கிறம், மூட்டு நோவைப் பற்றிக் கதைச்சிருக்கிறம், செத்துப்போன மனுசன்மாரைப் பற்றியும் கதைச்சிருக்கிறம். நான் பிளாஸ்கிலை இஞ்சித் தேத்தண்ணி கொண்டுபோவன். அவ தன்ரை பிளாஸ்கிலை சுடுதண்ணி கொண்டுவருவா. ஒண்டும் போடாத சுடுதண்ணியைத் தேவாமிர்தம் மாதிரி உறிஞ்சிக் குடிக்கிற மனுசியை நான் அங்கைதான் முதல்முதல் கண்டனான்.

சீன அக்கா பாஸ் பண்ணமாட்டா எண்டு எனக்கு நல்லாத் தெரியும். அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன். அப்ப நான் மட்டும் பாஸ் பண்ணினால் அவ இஞ்சை, நான் அங்கை. அதாலை நான் ஃபெயில் விட்டன்.

ஃபெயில் விடுறது லேசான வேலை இல்லை. எல்லாத்தையும் பிழை விட்டால் ரெண்டாம் லெவலுக்குத் தள்ளிப்போடுவினம். பாதிக்குக் கொஞ்சம் கூடப் பிழை விடோணும், அதுவும் நம்பக்கூடிய பிழையா இருக்கோணும். ஒருக்கா ரீச்சர் 'ஹொட்' எண்ட சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டவ. தை மாதத்திலை மல்வேர்ன் பஸ்தரிப்பிலை நிக்கிற மனுசிக்குக் 'கோல்ட்' எண்டு எழுதத் தெரியாதே? நான் யோசிச்சுப் பாத்து 'சூப்' எண்டு எழுதினன். எழுதிப்போட்டு எனக்கு நானே முதுகிலை தட்டாத குறை.

நான் எழுதேக்கை சீன அக்கா என்ரை தோளோடை தோள் முட்ட நெருங்கி இருப்பா. பாசம் எண்டு நினைச்சனான்.

இப்பிடி வண்டில் ஓடிக்கொண்டிருக்கேக்கைதான் அப்புக்காத்தர் வந்து சேந்தார்.

எங்கடை ரீச்சர் உயந்த மெலிஞ்ச வெள்ளைக்கார மனுசி, கழுத்திலை கண்ணாடி தொங்கும். ஒருநாள் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ளை மடிச்ச கடுதாசியள் கொண்டந்தா. ஆளுக்கொண்டு எடுக்கோணும். ஒவ்வொரு கடுதாசியிலையும் அந்தக் காலத்து ஆரோ ஒராளின்ரை வாழ்க்கைக் கதை இருக்கும். அதை வாசிச்சு விளங்கி, வகுப்புக்கு முன்னாலை எழும்பி நிண்டு ஐஞ்சு நிமிசம் கதைக்கோணும். நல்லாக் கதைக்கிற ஆள் நாலாம் லெவல். எழுத்துச் சோதினை இனி இல்லையாம்.

எனக்கு எழுத்திலை ஃபெயில் விடத் தெரியும். வாயாலை ஃபெயில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

சீன அக்காவுக்குப் பலூனிலை பறந்த ஒரு பொம்பிளையின்ரை கதை விழுந்துது. எனக்கு ஒரு அமெரிக்காக்காரர். படமும் இருந்துது. தாடி இருக்கு, மீசை இல்லை. சவரம் செய்துகொண்டிருக்கேக்கை ஆரோ கூப்பிட, பாதியிலை எழும்பிப் போனவர் மாதிரி.

பின்னேரம் வீட்டை குசினி மேசையிலை கடுதாசியை விரிச்சு வைச்சுக்கொண்டு இருந்தன். மகள் வேலை, பின்னேர ஷிஃப்ற். மருமகன் ட்ரக் ஓட்டிப்போட்டு வந்து கை கழுவினார். அவருக்கு அரசியல் எண்டால் சோறு வேண்டாம். அமெரிக்காவிலை ஆர் தும்மினாலும் இவர் இஞ்சை ரீவிக்கு முன்னாலை இருந்து மூக்குத் துடைப்பார்.

"மாமி, உது ஆர் படம்?"

"உங்கடை மாமாவுக்குப் பிறகு எனக்குப் பாத்த மாப்பிளை. அமெரிக்கா. லோயர் வேலை."

"ஆள் செத்து நூறு வருசத்துக்கு மேலை இருக்கும் போலை கிடக்கு."

"அப்ப நல்லது. சமைச்சுப் போடத் தேவையில்லை."

பேரை மருமகன் வாசிச்சுக் காட்டினார். என்ரை வாய்க்குள்ளை பிடிபடேல்லை. "அப்புக்காத்தர் எண்டு கூப்பிடுவம்" எண்டன். எங்கடை ஊரிலை லோயருக்கு அப்புக்காத்து எண்டுதான் சொல்லுறது. வாய் காட்டுற பிள்ளையளுக்கும் அதுதான் பேர். சின்னனிலை நான் ஐயாவோடை சட்டம் கதைச்சால், "பெரிய அப்புக்காத்து வந்திட்டா, எழும்பிக் கதிரை குடுங்கோ" எண்டு பகிடி பண்ணுவார். கதிரை குடுக்கிறேல்லை, பகிடி மட்டும்தான்.

வாசிக்கத் தொடங்கினம். அப்புக்காத்தர் சொந்தக் காணியிலை தோட்டம் செய்த ஒரு ஆளின்ரை மகன். பள்ளிக்கூடம் அரைகுறை. பேந்து ஒரு வயசுபோன லோயரின்ரை ஒபிசிலை கூட்டித் துடைச்சு, கடிதம் எழுதிக் குடுத்து, நேரம் கிடைக்கிற நேரம் அவரின்ரை சட்டப் புத்தகங்களை வாசிச்சு லோயரா வந்தாராம்.

"பள்ளிக்கூடம் முடிக்காமலே?"

"அந்தக் காலத்திலை அங்கை அப்பிடித்தான் மாமி."

எனக்கு அந்த மனுசனிலை கொஞ்சம் பொறாமை வந்திட்டுது. நான் ஐஞ்சாம் வகுப்போடை நிண்டனான். அந்த ஐஞ்சு வருசத்திலையும் வாங்கிலை இருந்த நாள் குறைவு, வீட்டிலை தம்பியை இடுப்பிலை வைச்சுக்கொண்டு நிண்ட நாள்தான் கூட. எனக்கெண்டு பேர் ஒட்டின ஒரு கதிரை கிடைச்சது இந்தப் பிளாசாவிலைதான்.

அடுத்த வரியிலை மருமகன் 'பார்' எண்டு ஏதோ வாசிச்சார்.

"படிச்சு முடிச்ச உடனை பாருக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டாங்களே? எந்த நாட்டிலையும் ஆம்பிளையள் ஒண்டுதான்."

"ஐயோ மாமி, அது குடிக்கிற பார் இல்லை. லோயராச் சேத்துக்கொள்ளுறதை அப்பிடிச் சொல்லுறது."

"நல்ல காலம் கேட்டன். வகுப்பிலை போய் ஆளைக் குடிகாரனாக்கியிருப்பன்."

அதுக்கடுத்த வரியை நானே எழுத்துக்கூட்டி வாசிச்சன். "ஒபிசுக்கு ஓடினார். ஏன், பிந்திப்போட்டாரே?"

மருமகன் கண்ணைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சார். "எலக்சன் கேட்டவர் மாமி. இங்கிலீசிலை ஓடுறது எண்டுதான் சொல்லுறது."

நான் கொஞ்சம் யோசிச்சன். நாங்கள் எலக்சன் கேக்கிறம். இந்தியாத் தமிழ்ச்சனம் எலக்சனிலை நிக்குது. இவங்கள் எலக்சனுக்கு ஓடுறாங்கள். "கேட்டவனும் நிண்டவனும் ஓடினவனும் வெண்ட பிறகு செய்யிறது ஒண்டுதானே, கதிரையிலை குந்துறது" எண்டன். மருமகன் எழும்பிப் போய் மகளுக்கு அதை மெசேஜ் போட்டார்.

அப்புக்காத்தருக்கும் கதிரை கிடைச்சுது. பெரிய சபையிலை நல்ல இடம். அங்கைதான் பிழைச்சது. ரெயில் பாதை போடுற ஆக்கள் தோட்டக்காரரின்ரை காணியளை அரைவிலைக்கு எடுக்கிறதுக்கு ஒரு சட்டம் வந்துது. அப்புக்காத்தரும் அதுக்குக் கை உயத்தினார். பேந்து ஊருக்குப் போய்ப் பாத்தால், காணி போன சனம் வண்டிலிலை சட்டிபானை ஏத்திக்கொண்டு போகுது. மனுசன் திரும்பி வந்து சபையிலை எழும்பி நிண்டு, நான் கை உயத்தினது பிழை, என்னாலைதான் இந்தச் சனம் தெருவுக்கு வந்தது எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டார். அடுத்த எலக்சனிலை கதிரை போயிட்டுது. இங்கிலீசிலை அதைச் 'சீட்டைத் துலைச்சார்' எண்டு எழுதியிருக்கு, ஏதோ பஸ்சிலை குடையைத் துலைச்ச மாதிரி.

"மோட்டு வேலை பாத்திருக்கிறார்" எண்டார் மருமகன். "வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் சாகுமட்டும் அதிலையே இருந்திருக்கலாம்."

"ஓம், ஓம்" எண்டு நானும் சொன்னன். மூண்டு வருசமா வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கதிரையிலை இருந்தவளுக்கு அது நல்ல நியாயமாத்தான் பட்டுது.

பேந்து அப்புக்காத்தர் ரெண்டு தரம் ஓடி ரெண்டு தரமும் விழுந்தார். மூண்டாம் தரம் வெண்டார். வயசுபோன காலத்திலை நீதவானா இருந்து செத்தார். கதை அவ்வளவுதான். நல்ல கதை. அதை எப்பிடிப் பழுதாக்கிறது எண்டு நான் நாலு நாள் பாடமாக்கினன். 'இவர் ஆம்பிளை. இவர் லோயர். இவர் செத்தார். தாங்க்யூ.' அதுக்கு மேலை ஒரு சொல் வரப்படாது.

என்ரை நாள் வந்துது. முன்னாலை போய் நிண்டன். "ஹீ மேன்" எண்டன். "ஹீ லோயர்." ரீச்சர் கவலையோடை தலையை ஆட்டினா. சரியாப் போகுது எண்டு எனக்குச் சந்தோசம். "ஹீ டை" எண்டு வாயைத் திறக்கிறன், பின் வரிசையிலை ஒரு செருமல்.

பின் வரிசையிலை ஒரு ஐயா இருக்கிறவர். தன்ரை நாட்டிலை பெரிய உத்தியோகத்திலை இருந்தவர், இஞ்சையும் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்கு வருவார். அவர் ரீச்சர் எல்லாருக்கும் எடுத்துக் குடுத்த பிரதியைப் பாத்துப்போட்டுச் சொன்னார், இந்த மனுசன் ஓடி ஓடித் தோத்திருக்கிறான், தோத்தவன்ரை கதையை ஏன் எங்களுக்குப் படிப்பிக்கிறியள் எண்டு.

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. நாலு நாள் குசினி மேசையிலை என்னோடை இருந்த மனுசன். ஒபிஸ் கூட்டித் துடைச்சுப் படிச்ச மனுசன். கோட்டுப் போட்டால் போலை இவர் ஆர் அவரைச் சொல்ல?

"ஐயா, வெயிற்" எண்டன். பிறகு என்ன நடந்தது எண்டு எனக்கே வடிவாத் தெரியாது. என்ரை இங்கிலீசு கிடங்கு பள்ளம் ஒண்டும் பாக்காமல் ஓடத் தொடங்கீட்டுது. தோத்தவர்தான், ஆனால் ஏன் தோத்தவர் எண்டு கேளுங்கோ எண்டன். ஒரு மனுசன் கதிரையிலை இருந்துகொண்டு பொய் சொல்லலாம், அது ஆருக்கும் ஏலும். எழும்பி நிண்டு 'நான் பிழை' எண்டு சொல்ல எத்தினை பேருக்கு ஏலும், உங்கடை நாட்டிலை உங்கடை ஒபிசிலை ஆரும் சொன்னவையே எண்டு கேட்டன். எங்கடை ஊரிலை கேக்கிறதையும், பக்கத்து நாட்டிலை நிக்கிறதையும், இவை ஓடுறதையும், கடைசியிலை எல்லாரும் குந்துறதையும் நடிச்சுக் காட்டினன். நிண்டு காட்டினன், ரீச்சரின்ரை மேசையைச் சுத்தி ஓடிக் காட்டினன், மூச்சு வாங்க அவவின்ரை கதிரையிலையே குந்திக் காட்டினன். வகுப்பு முழுக்கச் சிரிக்குது. கோட்டுப் போட்ட ஐயாவும் சிரிச்சுப்போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எல்லாருக்கும் மேலாலை கை தட்டினது சீன அக்கா. ரீச்சர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, "லெவல் ஃபோர்!" எண்டா.

அப்பதான் எனக்கு உறைச்சுது. என்ரை வாயே என்ரை கதிரையை இழுத்து எடுத்துப்போட்டுது.

அதோடை முடிஞ்சிருந்தாலும் பரவாயில்லை. தேத்தண்ணி இடைவேளையிலை ரீச்சர் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டா. என்னை ஏத்திறதுக்கு ஏதோ படிவம் நிரப்போணுமாம், அதுக்குப் பழைய சோதினைத் தாளெல்லாம் எடுத்துப் பாத்தவவாம். ரெண்டு தாளைப் பக்கத்திலை பக்கத்திலை வைச்சா. ஒண்டு என்னது, மற்றது சீன அக்காவின்ரை. என்ரை தாளிலை 'சூப்'. அவவின்ரை தாளிலையும் 'சூப்'.

ரெண்டிலையும் எல்லாப் பிழையும் அச்சடிச்ச மாதிரி ஒண்டு.

தோளோடை தோள் முட்ட இருந்த பாசம் எனக்கு அப்ப விளங்கீட்டுது. மனுசி மூண்டு வருசமா என்னைப் பாத்துக் கொப்பி அடிச்சிருக்கிறா. நான் வேணுமெண்டு விட்ட பிழையெல்லாத்தையும் நம்பி, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறா.

ரீச்சர் மெதுவாத்தான் கதைச்சா, ஆனால் முகத்திலை சிரிப்பில்லை. இப்பிடிப் பேசத் தெரிஞ்ச ஆளுக்கு இந்தப் பிழை வராது, அப்ப ஆர் ஆரைப் பாத்து எழுதினது எண்டு கேட்டா. சீன அக்கா மேசையையே பாத்துக்கொண்டு இருந்தா. காது ரெண்டும் செக்கச்செவேலெண்டு சிவந்து போச்சு. தன்ரை வேலை தனக்குத் தெரியாதெண்டால் அவ ரெண்டாம் லெவலுக்குத்தான் போகோணும் எண்டா ரீச்சர். ரெண்டாம் லெவல் எண்டால் ஏ பி சி டி. எழுவது தாண்டின மனுசிக்கு அப்பிள் படம் காட்டுவினம்.

நான் ஒண்டும் சொல்லாமல் விட்டிருக்கலாம். ரீச்சர் என்னைக் கெட்டிக்காரி எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கிறா. கொப்பி அடிச்சதும் உண்மைதானே. ஆனால் மேசையிலை அந்த ரெண்டு தாளுக்கும் மேலை அப்புக்காத்தரின்ரை படம் கிடந்துது, அரைச் சவரத்தோடை என்னையே பாத்துக்கொண்டு. கோட்டுப் போட்ட மனுசனுக்கு முன்னாலை பத்து நிமிசத்துக்கு முந்தி நான் பெரிசாக் கத்தினது எல்லாருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டதுதானே.

கதிரையை விட்டு எழும்பினன். "ரீச்சர், ஐ நோ கோல்ட். ஐ ரைட் சூப்" எண்டன். மூண்டு வருசம் வேணுமெண்டு பிழை எழுதினது நான். அவ என்ரை சூப்பைத்தான் எழுதினவ. பிழை என்னது எண்டு ஒத்துக்கொண்டன்.

ஏன் எண்டு கேட்டா. சொன்னன். நான் பாஸ் பண்ணினால் அங்கை, இவ இஞ்சை, அதுதான் எண்டன்.

ரீச்சர் யன்னல் பக்கம் திரும்பி நிண்டா. தோள் குலுங்கிறதைப் பாத்தால் அழுகிறா போலை இருந்துது. திரும்பேக்கைதான் பாத்தன், சிரிப்பு அடக்கேலாமல் நிண்டிருக்கிறா. சரி, மற்றக் கிழமை சீன அக்கா தன்ரை பலூன் பொம்பிளையைப் பற்றிக் கதைக்கட்டும், தனியக் கதைச்சு முடிச்சால் அவவும் நாலாம் லெவல், இல்லையெண்டால் ரெண்டாம் லெவல்தான் எண்டு தீர்ப்புச் சொன்னா.

நான் சீன அக்காவைப் பாத்துச் சிரிச்சன். அவ சிரிக்கேல்லை.

"த்ரீ இயர்" எண்டா. "த்ரீ இயர் ஐ ஈட் யுவர் சூப்."

ஹொட்டும் சூப்பும் ஒண்டோடை ஒண்டு போகிறதுதானே, நீ பயமில்லாமல் எழுதினாய், அதாலை நீ சரி எண்டு நம்பினன் எண்டா. நான், உனக்காகத்தான் செய்தனான் எண்டு சொல்லப் போனன். அவ கையைக் காட்டி நிப்பாட்டினா. "யூ திங்க் ஐ ஸ்ரூப்பிட். யூ நொட் ஆஸ்க் மீ."

பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய்ப் பின் வரிசையிலை, கோட்டுப் போட்ட ஐயாவுக்குப் பக்கத்திலை இருந்திட்டா.

என்ரை பகிடி எல்லாம் அந்த ஒரு சொல்லோடை நிண்டு போச்சு. அவ பாஸ் பண்ணமாட்டா எண்டு ஆர் எனக்குச் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை. நானே நீதவானா இருந்து, நானே தீர்ப்பு எழுதி, மூண்டு வருசம் மனுசியை மறியலிலை பூட்டி வைச்சிருந்திருக்கிறன்.

அண்டைக்குப் பின்னேரம் நான் சாப்பிடாமல் இருந்ததைக் கண்டுபோட்டு மருமகன் விசாரிச்சார். எல்லாத்தையும் சொன்னன். அவர் சிரிப்பை அடக்கின விதம் எனக்குத் தெரியும், ரீச்சரின்ரை தோள் மாதிரித்தான்.

"மாமி, உங்கடை அப்புக்காத்தர் கதிரை போனப்பிறகு என்ன செய்தவர்?"

"திரும்ப ஓடினவர்."

"அப்ப நீங்களும் ஓடுங்கோவன்."

"என்ரை முழங்காலோடை ஓடேலாது. நான் எங்கடை முறையிலை கேக்கிறன்."

சொல்லிப்போட்டுத்தான் யோசிச்சன். எங்கடை பாசையிலை எலக்சனும் கேக்கிறதுதான், மன்னிப்பும் கேக்கிறதுதான். ரெண்டிலையும் தாறதும் தராததும் மற்ற ஆளின்ரை விருப்பம்.

முதல் நாள் இஞ்சித் தேத்தண்ணியோடை பின் வரிசைக்குப் போய்க் கேட்டன். தோத்தன். தன்ரை சுடுதண்ணிப் பிளாஸ்கை எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை மதில் மாதிரி வைச்சுப்போட்டா. கோட்டுப் போட்ட ஐயாதான் தேத்தண்ணியை வாங்கிக் குடிச்சார்.

ரெண்டாம் நாள் கொஞ்சம் கெட்டித்தனம் காட்டுவம் எண்டு நினைச்சு, கோழி அவிச்சுப் பிளாஸ்க் நிறையச் சூப் கொண்டு போனன். மூடியைத் திறந்து, "ஒப்பசிற் ஒஃப் ஹொட்" எண்டு நீட்டினன். வகுப்பிலை நாலைஞ்சு பேர் சிரிச்சினம். அவ சிரிக்கேல்லை. அந்த முறை முதல் தரத்தை விட மோசமாத் தோத்தன். சூப்பையும் ஐயாதான் குடிச்சார். அவருக்கு அந்தக் கிழமை நல்ல கிழமை.

மூண்டாம் நாள் கையிலை ஒண்டும் கொண்டு போகேல்லை. பகிடியையும் வீட்டை விட்டுப்போட்டுப் போனன். அதுதான் எனக்குப் பாரமா இருந்துது. வெறுங்கையோடை அவவுக்கு முன்னாலை நிண்டு, நான் பிழை, உன்னைக் கேட்டிருக்கோணும், நான் கேக்கேல்லை எண்டு சொன்னன். எங்கடை ரெண்டு பேரின்ரை இங்கிலீசிலை அது ஏழெட்டுச் சொல்லுக்கு மேலை வராது.

அவ என்னை மேலையும் கீழையும் பாத்தா. "ஆஃப்ரர் மை ரோக்" எண்டா. தான் கதைச்சு முடிச்ச பிறகு பாப்பமாம்.

அவவின்ரை நாளும் வந்துது. சீன அக்கா முன்னாலை போனா. கையிலை கடுதாசி இல்லை. அந்தப் பொம்பிளை பலூனிலை ஏறேக்கை ஊர்ச்சனம் முழுக்க விழுவாய் விழுவாய் எண்டு கத்தினதாம். எல்லாரையும் விடக் கூடக் கத்தினது அவவின்ரை நல்ல சிநேகிதியாம். கடுதாசியிலை அப்பிடி ஒரு சிநேகிதி இருந்ததா எனக்கு ஞாபகமில்லை. நான் அதை ரெண்டு தரம் வாசிச்சிருக்கிறன்.

"ஃபிரெண்ட் சே, யூ கான்ற்" எண்டு சொல்லிப்போட்டு சீன அக்கா நேரா என்னைப் பாத்தா. "ஃபிரெண்ட் ரோங். ஷீ கோ அப். அப், அப், அப்." ரெண்டு கையையும் தலைக்கு மேலை உயத்தி, நுனிக்காலிலை நிண்டா. எழுவது தாண்டின மனுசி. ஒரு நிமிசம் எனக்கு அவ உண்மையா எழும்பிப் போயிடுவா போலை இருந்துது.

அந்த முறை எல்லாருக்கும் மேலாலை கை தட்டினது நான். ரீச்சர் 'லெவல் ஃபோர்' எண்டு சொல்ல முந்தியே தட்டத் தொடங்கீட்டன். சீன அக்கா வந்து தன்ரை பழைய இடத்திலை, ஹீற்றருக்குப் பக்கத்திலை இருந்தா. பிளாஸ்க் மூடியிலை சுடுதண்ணி ஊத்தி என்ரை பக்கம் தள்ளினா. ஒண்டும் போடாத வெறும் சுடுதண்ணி. குடிச்சன். தேவாமிர்தம் எண்டு சொல்லமாட்டன், ஆனால் முழுக்கக் குடிச்சன்.

இப்ப நாங்கள் ரெண்டு பேரும் ரெண்டு பஸ் மாறி மில்லிக்கனுக்குப் போறம். ரெண்டாவது பஸ்சுக்கு நிக்கேக்கை அவ என்ரை பின்னாலை ஒதுங்கி நிப்பா, நான் பருமன், காத்து அவவுக்குப் படாது. நாலாம் லெவல் ரீச்சர் ஒரு இளம் பெடியன், சிரிக்கக் காசு கேப்பான் போலை. முதல் நாளே சோதினை வைச்சான். எழுத்துச் சோதினை.

கடைசிக் கேள்வி எதிர்ச்சொல். 'ஏன்ஷன்ற்' எண்டு ஒரு சொல்லு. இந்த முறை சத்தியமா எனக்குத் தெரியாது. மெல்லச் சீன அக்காவின்ரை தோளோடை தோள் முட்ட நெருங்கினன். அவ முழங்கையாலை தாளை மறைச்சுக்கொண்டு எழுதினா. நான் பாவம் போலை ஒரு பெருமூச்சு விட்டன். முழங்கை ஒரு அங்குலம் விலகிச்சுது. தாளின்ரை ஓரத்திலை பென்சிலாலை வடிவா ஒரு சொல்லு எழுதியிருக்கிறா. நல்ல மனுசி எண்டு நினைச்சுக்கொண்டு, பெடியன் திரும்ப முந்தி அவசர அவசரமா ஒவ்வொரு எழுத்தா இறக்கினன். பெடியன் என்ரை தாளை முதலிலை வாங்கிக்கொண்டு போயிட்டான்.

பக்கத்திலை பாத்தால் சீன அக்கா பென்சில் எழுத்தை ரப்பராலை அழிக்கிறா. வாயை மற்றக் கையாலை பொத்தியிருக்கிறா, தோள் குலுங்குது. எனக்குச் சந்தேகம் வந்திட்டுது. நான் இறக்கின எழுத்தை மனசுக்குள்ளை திரும்பக் கூட்டி வாசிச்சுப் பாத்தன்.

எஸ். ஓ. யூ. பி.